ஈரோட்டுப் பக்கம் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: ஆடி மாதம் குடும்பத்துடன் ஈரோடு செல்கிறோம். பெரிய ஓட்டல்களைத் தவிர்த்து, அந்த வட்டாரச் சாப்பாட்டையும் உழவர் கூடும் இடங்களையும் காண வழி சொல்லுங்களேன்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நல்ல மாதம்தான். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் குதிரைகளும் மாடுகளும் கைமாறுவதை அருகில் நின்றே பார்க்கலாம் (தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்). மதியம் ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து பள்ளிபாளையம் போய், அந்த ஊர்ப் பெயரைக் கொண்ட பள்ளிபாளையம் சிக்கனை ஏதேனும் ஒரு சிறிய மெஸ்ஸில் கேளுங்கள். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு ஆகியவற்றுடன் எண்ணெயில் சுருள வதங்கும் அந்தக் கறியில் மசாலாப் பொடி வாசம் வந்தால், அது பெயருக்குத்தான் பள்ளிபாளையம் என்பது என் கட்சி. சைவத்திற்கு நெய் ஊற்றிய அரிசிம்பருப்பு சாதம் போதும். புழுங்கலரிசி மாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்தெடுக்கும் சந்தகை தேங்காய்ப்பாலுடன் கிடைத்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள்.