ஊழியரின் மனநிலை சரியில்லை எனத் தெரிந்தால் மேலாளர் என்ன செய்வது?

கேள்வி: கணக்குப் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். என் கீழே 9 பேர். அவர்களில் நேர்த்தியாக வேலை செய்துவந்த ஒருவர், ஒரு மாதமாகத் தாமதமாக வருகிறார். சாதாரணக் கூட்டலில்கூடப் பிழை விடுகிறார். யாருடனும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. மனரீதியான பிரச்சினையா என்று நேரடியாகக் கேட்கலாமா? அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் யோகா வகுப்புக்கு அனுப்பினால் போதுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் ‘டிப்ரெஷனா?’ என்று கேட்காதீர்கள். நோய் எதுவென்று சொல்வது மருத்துவர் வேலை. நீங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும். தனி அறையில், அரை மணி நேரம் ஒதுக்கி, “போன வாரம் மூணு நாள் லேட்டா வந்தீங்க. ரெண்டு ஸ்டேட்மென்ட்ல நம்பர் மாறியிருந்தது. உங்ககிட்ட இப்படிப் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: எதிரில் இருப்பவர் கொஞ்சம் தயங்கினாலே அறிவுரையை ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் தடவை “ஒண்ணுமில்ல” என்ற பதிலே வரலாம். துருவ வேண்டாம். மறுபடி எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசுவது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இதை அப்ரைசலோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வாயே திறக்க மாட்டார்.

மனம் சோர்ந்திருப்பதோ எதிலும் நாட்டம் இல்லாததோ 2 வாரத்துக்கு மேல் அநேகமாக தினமும் நீடித்து, தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவையும் இதே தோற்றத்தைக் காட்டும் என்பதால் உடல் பரிசோதனையும் தேவை. ‘பர்ன்அவுட்’ என்பதை உலக சுகாதார நிறுவனம் நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்துகிறது. பொதுவாக, அது வேலையை ஒட்டியே இருக்கும். மனச்சோர்வு நோயோ விடுமுறையிலும் வீட்டிலும் விடாது. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

“நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ‘ஆம்’ என்றால் தனியே விடாமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விஷயத்தை வெளியே சொல்வேன், மற்றதெல்லாம் நமக்குள்தான் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

யோகா வகுப்பால் கெடுதல் இல்லை. ஆனால் வேலைப் பளு அப்படியே இருக்க மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் அனுப்பினால், குறை தன்னிடம்தான் என்று அவர் எடுத்துக்கொள்வார். மாற்ற வேண்டியது வேலையை. 4 வாரத்துக்கு ஒரு சமயத்தில் ஒரே கெடு. சொல்வதை எழுத்தில் கொடுப்பது (மனச்சோர்வில் காதால் கேட்டது மனதில் நிற்பதில்லை). இரவு ஷிப்ட் கூடாது. மருத்துவரைப் பார்க்க நேரம். வாரம் 15 நிமிடப் பேச்சு. எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பது ‘நான் உதவாதவன்’ என்ற எண்ணத்தைக் கூட்டும்.

மருந்து தொடங்கினால், பலன் தெரிய 2 முதல் 4 வாரமாகும். குமட்டல், மந்தம், தூக்கக் கோளாறு மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று பலர் நிறுத்துவது அப்போதுதான். அந்த நாட்களில் வேலை இன்னும் மோசமாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். குணமான பிறகும் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. நீண்ட விடுப்பு எடுத்திருந்தால் அரை நாளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். சக ஊழியர்களிடம் என்ன சொல்லலாம் என்பதை அவரிடமே கேளுங்கள்.

அவர் வேலையை மற்ற 8 பேர் தலையில் அப்படியே கட்டிவிடாமல் ஏதாவது ஒரு கெடுவைத் தள்ளிவைக்கப் பாருங்கள். அவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு இதே அறிகுறிகள் தெரிந்தால், ஆட்களை விட்டுவிட்டுப் பிரிவின் வேலை நேரத்தையும் ஆள் பற்றாக்குறையையும் முதலில் ஆராயுங்கள்.