எந்த விரல், எந்தத் தேதி?

கே: வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாமே?

ப: வாட்ஸ்ஆப்பில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். பொத்தாம் பொதுவாக அப்படிச் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி; ஷிஃப்ட் அதிகாலை 3 மணிக்கு. 2003 ஏப்ரல் 22 அன்று வேலைக்குப் பைக்கில் போனவர், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் மூன்றேகால் லட்சம் கொடுக்கச் சொன்னார். மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் ஆணையர் உத்தரவுக்கு உயிர் கொடுத்தது. 22 வருஷம்!

நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு ஒட்ட வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. அந்நேரத்தில் அந்த மனிதர் வேறெங்கே போயிருப்பார்? நீங்கள் ஷிஃப்ட் முடிந்து மச்சான் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது விழுந்திருந்தால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. வருகைப் பதிவேடு, ஷிஃப்ட் அட்டவணை, விபத்து நேரம் எழுதிய எஃப்.ஐ.ஆர். மூன்றையும் முதலில் தேடி எடுங்கள். உங்கள் கடிதத்தில் விபத்துத் தேதியே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம். விபத்து அதற்கு முன் என்றால் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இங்கே நான் சொல்வதெல்லாம் பழையது பற்றி.

கே: சாரத்திலிருந்து விழுந்தேன். கட்டுமானக் கம்பெனி மேஸ்திரியைக் கைகாட்டுகிறது.

ப: கம்பெனியையே கேளுங்கள். பிரிவு 12. கொடுத்த பணத்தை மேஸ்திரியிடம் வசூலிப்பது அவர்கள் பாடு.

கே: அண்ணன் வேலையில் இறந்ததும் 50 ஆயிரம் கொடுத்து, அண்ணியிடம் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ப: செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். 30 வயது, சம்பளம் 15 ஆயிரம் என்றால் பதினைந்தரை லட்சம் வரும். 2020 ஜனவரி 3-க்கு முந்தைய விபத்து என்றால் கணக்கில் எடுக்கும் சம்பளம் 8 ஆயிரத்தோடு நின்றுவிடும்; தொகை ஏறக்குறைய பாதி. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தேதி எங்கே அய்யா?

கே: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். அதிலும் வாங்கி, இந்த இழப்பீடும் வாங்கலாமா?

ப: முடியாது.

கே: நான் முதலாளி. இறந்தவர் குடித்திருந்தார். அப்பீல் போகலாமா?

ப: சாவு என்றால் குடியைக் காட்டித் தப்ப முடியாது. அப்பீலுக்கு 60 நாள். அதற்கும் முழுத் தொகையை ஆணையரிடம் கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும், வலுவான சட்டக் கேள்வியும் இருக்க வேண்டும். வட்டி 12 சதவீதம் ஏறிக்கொண்டிருக்கிறது.

கே: மெஷினில் ஒரு விரல் போய்விட்டது. எவ்வளவு கிடைக்கும்?

ப: எந்த விரல்? கட்டைவிரல் என்றால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. சுண்டுவிரல் முழுசாகப் போயிருந்தால் 7. விரலையும் தேதியையும் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.