ஆட ஆளில்லை, பெட்டி மட்டும் இருக்கிறது

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆரம்பப் பெட்டி ஒன்றை ஆசையாக வாங்கினேன். சேர்ந்து ஆடுவதாகச் சொன்ன நண்பர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். தனியாகவும் ஆடலாம் என்கிறார்கள். அதற்கு இன்னொரு புத்தகம் வாங்க வேண்டுமா, இல்லை பெட்டியை விற்றுவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். புதிதாக வாங்கவும் அவசரப்பட வேண்டாம்.

இந்த வகை ஆட்டத்தில் கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, காவலாளி லஞ்சம் வாங்குவானா என்பதெல்லாம் அவர் கையில். தனியாக உட்காரும்போது காலியாக இருப்பது அவருடைய நாற்காலிதான். விதிகளில் ஒரு குறையும் இல்லை. 'முடியாது' என்று சொல்லத்தான் ஆளில்லை.

அந்த வேலையை ஓர் ஆறு முகப் பகடையிடம் கொடுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வி கேட்டு உருட்டுங்கள். 1 விழுந்தால் 'இல்லை, கூடவே இன்னொரு தொல்லை'. 2 என்றால் வெறும் 'இல்லை'. 3 'இல்லை, ஆனால்...', 4 'ஆமாம், ஆனால்...'. 5 என்றால் 'ஆமாம்'. 6 'ஆமாம், கூடவே ஒரு லாபம்'. தனியாக ஆடுகிறவர்கள் இதை ஆரக்கிள் என்பார்கள்.

போன வாரம் என் திருடன் ஒரு மாளிகையின் பின்கதவில் நின்றான். பூட்டியிருக்கிறதா? 3 விழுந்தது. பூட்டவில்லை, ஆனால்? கொஞ்சம் யோசித்தேன். வாசற்படியில் ஈரக் காலடித் தடம், உள்ளே போவது மட்டும்தான், திரும்பி வந்த தடம் இல்லை. எனக்கு முன்னால் இன்னொருவன் நுழைந்திருக்கிறான்! பகடை இல்லாமல் ஆடியிருந்தால் நேரே நகைப்பெட்டிக்குத்தான் போயிருப்பேன்.

ஒன்று மட்டும். பிடிக்காத பதில் வந்தால் கேள்வியை மாற்றி மறுபடி உருட்டத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆட்டம் அங்கேயே செத்துப்போகும்.

நாலைந்து முறை இப்படி ஆடிய பிறகு போதவில்லை என்று பட்டால், அப்புறம் கேம் மாஸ்டரின் வேலையைப் பகடையாலும் பட்டியல்களாலும் செய்கிற புத்தகமான டானா பிஜனின் 'மித்திக் கேம் மாஸ்டர் எமுலேட்டர்' வாங்கலாம். 2006-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2023-இல். எந்த ஆட்டத்தின் மேலும் பொருத்திக்கொள்ளலாம் என்பதால் உங்கள் பெட்டி வீணாகாது. இதில் குழப்ப எண் என்று ஒன்று உண்டு. 5-இல் தொடங்கி, கதை உங்கள் கையை மீறினால் 9 வரை ஏறும், கட்டுக்குள் இருந்தால் 1 வரை இறங்கும். அது ஏற ஏற 'ஆமாம்' வரும் வாய்ப்பும் ஏறும், எதிர்பாராத சம்பவங்களும் கூடும்.

பெட்டியில் உள்ள சாகசக் கதையை மட்டும் முழுக்கப் படித்துவிடாதீர்கள். அது கேம் மாஸ்டர் படிப்பதற்காக எழுதியது. படித்துவிட்டால் மர்மம் எல்லாம் போச்சு. வரைபடம், அரக்கர்களின் விவரம், பொருள் பட்டியல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை ஆரக்கிளிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நானும் தனியாகத்தான் ஆடுகிறேன். முதல் சண்டையிலேயே என் வீரன் செத்துவிடுகிறான். மூன்று முறை ஆகிவிட்டது.

பதில்: நாலைந்து பேர் கொண்ட குழுவுக்காக அளந்து வைத்த சண்டையில் ஒற்றை ஆளை இறக்கினால் வேறென்ன நடக்கும்? நாலு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) ஒரு சுற்றில் நாலு முறை அடிக்கின்றன. நீங்கள் ஒரு முறை. சுலபமான வழி, எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இல்லையென்றால் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2019 எசென்ஷியல்ஸ் கிட்டில் துணைப் பாத்திரத்துக்கான எளிய விதிகள் இருக்கின்றன. இரண்டு முழுப் பாத்திரங்களை ஒரே ஆள் ஓட்டலாம்தான், ஆனால் கணக்கு பார்த்தே பொழுது போய்விடும்.

பழைய பாணி சாகசங்களை ஒற்றை வீரனோடு ஆட கெவின் கிராஃபோர்டின் 'ஸ்கார்லெட் ஹீரோஸ்' (2014) என்ற விதிப் புத்தகம் நல்லது. அடி விழும்போது பகடையில் 1 வந்தால் சேதமே இல்லை, 2 முதல் 5 வரை ஒரு புள்ளி, 6 முதல் 9 வரை இரண்டு, 10-உம் அதற்கு மேலும் என்றால் நான்கு. சாகசத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் உங்கள் ஆள் பிழைத்துக்கொள்வான்.

கேள்வி: அட்டையில் 'சோலோ' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நாலு சரக்கு ஒளிந்திருக்கிறது. எண்ணிட்ட பத்திகளில் தாவித் தாவிப் போகும் கதைப் புத்தகம் ஒன்று. 1976-இல் 'டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' ஆட்டத்துக்கு வந்த 'பஃபலோ காசில்' காலத்திலிருந்தே இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் தீர்ந்துவிடும். நாட்குறிப்பு எழுதும் ஆட்டம் இன்னொன்று. எழுதப் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்புறம் மித்திக் போன்ற கருவிகள். அவற்றை மட்டும் வாங்கினால் பலருக்குப் போதாது, அடியில் ஓர் ஆட்டம் வேண்டும். நானே ஒருமுறை ஏமாந்தேன். அழகான அட்டைக் கட்டு, 'சோலோ' என்று பெரிதாக எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தால் 'துரோகம்', 'நிழல்', 'பழைய கடன்' என்று அட்டைக்கொரு சொல். அவ்வளவுதான்.

தனியாக ஆடுவதற்கென்றே யோசித்துச் செய்தது வேண்டுமென்றால் ஷான் டாம்கினின் 'அயர்ன்ஸ்வார்ன்' (2018). பிடிஎஃப் இலவசம். ஓர் ஆறு முகப் பகடையோடு உங்கள் திறன் எண்ணைக் கூட்டி, இரண்டு பத்து முகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். நான் 4 உருட்டி திறன் 2 சேர்த்தால் 6. எதிரே 3-உம் 8-உம் விழுந்தால் ஒன்றைத்தான் தாண்டினேன். காரியம் நடக்கும், விலையும் கொடுக்க வேண்டும். 'ஆனால்' என்பது விதிக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்.

கேள்வி: அயர்ன்ஸ்வார்ன் ஆடத் தனிப் பகடை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஏழு பகடை கொண்ட வழக்கமான செட்டிலேயே பத்து முகப் பகடை இரண்டு உண்டு. ஒன்றில் 00, 10, 20 என்று இருக்கும். கடைசி சைபரை மறைத்துப் படியுங்கள், 00 வந்தால் பத்து. உலோகப் பகடை அழகுதான். மேசையில் கீறல் விழும்.