கேள்வி பதில்: கச்சேரிக்கு முந்தைய நாளின் ஒலிநாடா

கேள்வி: அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1973இல் வாட்கின்ஸ் கிளென் விழாவுக்கு முன்பு நடத்திய ‘சவுண்ட் செக்’ ஒலிப்பதிவை ரசிகர்கள் பொக்கிஷம் என்கிறார்கள். மைக்கும் ஸ்பீக்கரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதைப் பதிவு செய்து பாதுகாக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: வழக்கமான ஒலிச் சோதனை ஒன்றைக் கேட்பவருக்கு உங்கள் சந்தேகம் நியாயமானதாகவே தோன்றும். மிக்சரின் முன் இருக்கும் ஒலிப் பொறியாளர் கேட்டுக்கொள்வதற்கேற்ப, டிரம் கலைஞர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மை மட்டும் சில நிமிடங்கள் ஒரே சீராக அடித்துக்கொண்டிருப்பார். பிறகு ஸ்நேர் என்ற, கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம், பிறகு மற்ற டிரம்கள், பிறகு பேஸ் கிதார் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு பார்த்து முடித்த பின்புதான் குழு முழுவதும் சேர்ந்து ஒரு பாட்டை எடுக்கும். அந்தப் பாட்டும் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். அரங்கில் இருப்பவர்களுக்கான ஒலி ஒருபுறம் இருக்க, மேடையில் இருப்பவர்கள் தங்கள் குரலையும் வாத்தியத்தையும் தாங்களே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர்களையும் அந்த நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும் என்பதால், இசைக்கு அங்கே இரண்டாம் இடம்தான்.

இத்தகைய பதிவுகள் அரிதாக இருப்பதற்குக் காரணமும் எளிது. வினாடிக்கு 7.5 அங்குல வேகத்தில் ஓடும் 2,500 அடி ஒலிநாடா ரீல் ஏறக்குறைய 67 நிமிடங்களில் தீர்ந்துவிடும். தரம் கூடுதலாக வேண்டும் என்று 15 அங்குல வேகத்தில் ஓட்டினால் அதில் பாதி நேரம்தான் கிடைக்கும். இரவு நடக்கவிருக்கும் கச்சேரிக்கென்று வைத்திருக்கும் நாடாவை மாலையில் டிரம் தட்டுவதற்குச் செலவழிக்க எந்தக் குழுவும் எளிதில் முன்வராது. தப்பித் தவறிப் பதிவானாலும், அதன்மேலேயே வேறொன்றைப் பதிவு செய்துவிடும் வாய்ப்பு அதிகம்.

வாட்கின்ஸ் கிளென் இந்தக் கணக்குக்குள் அடங்காதது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு கார்ப் பந்தயத் திடலில் 1973 ஜூலை 28 அன்று நடந்த அந்த விழாவில் கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட், ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்ற மூன்றே குழுக்கள் வாசித்தன. 10 டாலர் விலையில் விற்ற டிக்கெட்டுகள் ஏறக்குறைய 1,50,000. வந்து சேர்ந்தவர்களோ ஏறக்குறைய 6,00,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. முந்தைய நாளே பெருங்கூட்டம் திடலை நிறைத்துவிட்டதால், 27ஆம் தேதி நடந்த ஒலிச் சோதனை அவர்கள் கண்முன்னேயே நடக்க வேண்டியதாயிற்று. மூன்று குழுக்களுமே வாசித்தன என்றாலும், கிரேட்ஃபுல் டெட் குழு இரண்டு பகுதிகளாகப் பிரித்து ஏறத்தாழ ஒரு முழுக் கச்சேரியையே நடத்திவிட்டது.

இத்தனைக்கும் அன்றைய சோதனை வெறும் சம்பிரதாயமாக நடந்ததன்று. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் பயணம் செய்யும் என்பதால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு ஸ்பீக்கர் கோபுரத்தை நிறுத்தினால், அதற்குக் கம்பி வழியே உடனுக்குடன் செல்லும் ஒலியை ஏறக்குறைய 0.3 வினாடி தாமதப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கே நிற்பவருக்கு ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும். அவ்வளவு பெரிய திடலில் தொலைவில் நிறுத்திய கோபுரங்களுக்கெல்லாம் இந்தத் தாமதம் ஒழுங்காக அமைகிறதா என்பதை, யாராவது உண்மையில் வாசித்தாலன்றி அறிய முடியாது.

ரசிகர்கள் பொக்கிஷம் என்று குறிப்பாகச் சொல்வது, அந்த மாலையில் முன்னேற்பாடு எதுவுமின்றி, பாட்டு என்று எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவர்கள் வாசித்த ஏறக்குறைய 18 நிமிடப் பகுதியைத்தான். ஜெரி கார்சியாவின் கிதாரும் ஃபில் லெஷின் பேஸும் எங்கே போவது என்று தீர்மானிக்காதவை போல ஒன்றையொன்று தொட்டும் விலகியும் செல்ல, இன்னொரு கிதாரில் பாப் வியரும் பியானோவில் கீத் காட்ஷோவும் இடைவெளிகளில் மட்டும் புகுந்து வர, மெல்ல மெல்லத்தான் அது தாளத்தில் காலூன்றுகிறது. இன்னொரு டிரம் கலைஞரான மிக்கி ஹார்ட் அந்த ஆண்டுகளில் குழுவில் இல்லாததால் டிரம் முழுவதும் பில் க்ரூட்ஸ்மன் ஒருவருடையது. இரண்டு டிரம்களின் நெரிசல் இல்லாத அந்த இலேசான ஓட்டம் இந்தப் பகுதிக்கு மிகவும் பொருந்தியிருக்கிறது. மறுநாள் இலட்சக்கணக்கானோர் முன் வாசித்ததைவிட இதையே மேலாகச் சொல்பவர்கள் பலர். என் கட்சியும் அதுதான். மறுநாள் அவர்கள் கூட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. முந்தைய மாலையில் அப்படி எந்தக் கடனும் இல்லை. நன்றாக வராவிட்டாலும் ‘சோதனைதானே’ என்று சொல்லிக்கொள்ளலாம். (இதே குழு, ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற தன் பிரம்மாண்டமான ஒலியமைப்பை 1974 மார்ச் 23 அன்று கலிஃபோர்னியாவின் கௌ பேலஸ் அரங்கில் அறிமுகப்படுத்தியபோது, அந்தக் கச்சேரிக்கே ‘ஒலிச் சோதனை’ என்று பெயர் சூட்டி ஆட்களை வரவழைத்தது.)

கேள்வி: ‘சவுண்ட் செக்’ என்ற தலைப்பில் சுற்றும் பதிவுகளில் எது உண்மையானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கைதட்டல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். கைதட்டலை வெட்டியெறிவது எளிது. வாட்கின்ஸ் கிளெனிலோ சோதனையின்போதே கைதட்டல் இருந்தது. பதிவு உள்ளரங்கத்தில் எடுக்கப்பட்டதென்றால் எதிரொலியைக் கவனியுங்கள். மனித உடல்களும் உடைகளும் ஒலியை, அதிலும் குறிப்பாக உச்ச ஒலிகளை, நன்றாக உறிஞ்சிக்கொள்வதால், காலி அரங்கில் ஸ்நேரின் ஒரே அடி பளிச்சென்று நீண்டு கேட்கும். கூட்டம் நிறைந்த அரங்கில் அதுவே சட்டென்று அடங்கிவிடும். ஒரே வரியை மூன்று நான்கு முறை பாடுவது, மானிட்டரில் குரலைக் கூட்டும்படி மேடையிலிருந்து கேட்பது, ஒரு வாத்தியத்தின் ஒலி திடீரென உயர்ந்து பின்பு நிலைகொள்வது ஆகியவையும் நல்ல அடையாளங்கள். அட்டையில் எழுதியிருக்கும் தேதியை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடுவது போலவே எழுத்துப் பிழைகளும் கூடியிருக்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய பிரதியில் சுருதி சற்று உயர்ந்து கேட்கிறது. குழு அப்படித்தான் வாசித்ததா?

பதில்: பெரும்பாலும் நாடா ஓடிய வேகத்தில்தான் கோளாறு இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருவதால், ஆம்ப்ளிஃபையர்களின் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் அந்த எண்ணையோ அதன் மடங்குகளையோ ஒட்டியே இருக்கும். உங்கள் பிரதியில் அது 61.8 ஹெர்ட்ஸாகக் கேட்டால் வேகம் 3 விழுக்காடு கூடியிருக்கிறது, அதாவது சுருதி ஏறக்குறைய கால் தொனி ஏறியிருக்கிறது என்று பொருள். ஒலிச் சோதனைப் பதிவில் வாத்தியங்கள் ஓய்ந்திருக்கும் இடைவெளிகள் நிறைய உண்டு என்பதால் இந்த ரீங்காரத்தைப் பிடிப்பது கச்சேரிப் பதிவைவிட எளிது. ஆனால் பிரதி எடுத்த இயந்திரங்களும் தங்கள் பங்குக்கு ஒரு ரீங்காரத்தைச் சேர்த்திருக்கக்கூடும். இரண்டு கேட்டால், இசை நிற்கும்போதும் தொடங்கும்போதும் மேடை ஆம்ப்ளிஃபையரோடு சேர்ந்து மாறுவது எதுவோ அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரபூர்வமான பதிப்பு இருக்கிறது: குழு 1999இல் வெளியிட்ட ஐந்து குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பில் அந்த 18 நிமிடப் பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலும் இக்குழுவின் பதிவுகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் ரசிகர்கள் மைக் வைத்து எடுத்தவற்றைத் தரவிறக்கிக்கொள்ளலாம், மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்தவற்றைத் தளத்திலேயே கேட்க மட்டும் அனுமதி உண்டு.