கணக்கு தீர்க்கப் போகிறவர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் போய் வருகிறேன். குடித்த நாட்களில் முதலாளி கொடுத்த வெள்ளியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றது 180 கிராம் இருக்கும். கூட வேலை செய்த ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு. ஏற்காட்டில் இருக்கும் அண்ணனின் இரண்டு மூட்டை மிளகையும் விற்றுக் குடித்தேன். மளிகைக் கடையிலும் தெரிந்தவர்களிடமும் கடன் நிற்கிறது. எல்லோரையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசி முடித்துத் தர ஒரு தரகர் 15,000 ரூபாய் கேட்கிறார். ஆடிப் பண்டிகைக்குள் முடித்துவிட நினைக்கிறேன். வீட்டுக்காரி நகையும் அடகில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தரகர் வேண்டாம், ஆடிக் கெடுவும் வேண்டாம்.

ஏஏவின் பன்னிரண்டு படிகளில், யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடுவது எட்டாவது படி. நேரில் போய் ஈடு செய்வது ஒன்பதாவது. அதற்கு முன்னால் இத்தனை படிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் மாதத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே ‘திருட்டுப்பயல்’ என்று சொன்னால் அதைத் தாங்கிக்கொண்டு வீடு திரும்ப இன்னும் பலம் வரவில்லை. அதிலும் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊரே விடுமுறையில் இருக்கும், பல வீடுகளில் பாட்டிலும் இருக்கும். பட்டியலை எழுதி உங்கள் ஸ்பான்சரிடம், அதாவது ஏஏவில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரிடம், காட்டுங்கள். எப்போது, யாரிடம் முதலில் போவது என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஏஏவில் எதற்கும் கட்டணம் கிடையாது. ஏஏ பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் அவர் ஏஏ ஆள் இல்லை.

இனி தரகர் விஷயம். குடியை விட்ட புதிதில் மனசு இளகிக் கிடக்கும், எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். இந்த ஆட்கள் காத்திருப்பது அதற்குத்தான். ‘நம்பிக்கைக்கு ஒரு கையெழுத்து’ என்று நிரப்பாத புரோநோட்டில் வாங்குவார்கள். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி, முத்திரை ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் தொகையை நிரப்பிக்கொள்ள நீங்களே அதிகாரம் கொடுத்தது போல ஆகிவிடும். அந்த முத்திரை எவ்வளவு தொகைக்குப் போதுமோ அதுவரை அவர் எழுதலாம். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் இருந்தால் லட்சங்களும் எழுதலாம். வெற்றுச் செக்கும் இதே ஆபத்துதான், திரும்பினால் 138ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு. 1,800 ரூபாய் மளிகைக் கடனை மனசாரத் தீர்க்கப் போனவர் இப்படி இரண்டு லட்ச ரூபாய் நோட்டீஸோடு நிற்பார். நீங்கள் எழுதும் எந்தத் தாளிலும் தொகை, தேதி, பெற்றவர் பெயர் மூன்றும் நிரம்பியிருக்க வேண்டும். பழைய புரோநோட்டு இருந்தால் ஒவ்வொரு முறை கட்டும்போதும் அதன் பின்பக்கத்தில் வரவு எழுதச் சொல்லி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கடைசித் தவணை அன்று அசல் நோட்டு கைக்கு வராமல் பணம் கை மாறக் கூடாது.

உட்கார்ந்து பேச நடுவர் தேவைப்பட்டால் அரசே வைத்திருக்கிறது. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி 15100. வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை, அங்கே முடிந்தது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். இதைக் குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பகல் 12 மணிக்குக் கடையைத் திறந்து இரவு 10 வரை விற்க அரசுக்கு ஆள் இருக்கிறது. விட்டவனுக்கு மாத்திரைச் சீட்டைத் தாண்டி அரை மணி நேரம் பேச ஆள் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நாற்காலி போடுகிறார்.

முதலாளியிடம் போகும் முன் அதே ஆணைக்குழு வக்கீலைப் பாருங்கள். எடுத்ததை ஒப்புக்கொண்டு எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள். எடுத்தது வெள்ளி, அதனால் ஈடும் எடையில்தான். விற்ற நாளின் விலையை நீட்டினால் நஷ்டம் முதலாளிக்கு, ஏனென்றால் வெள்ளி விலை சில வருடங்களுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மாதம் 5 கிராமுக்கு உண்டான தொகையைக் கூலியில் பிடிக்கச் சொன்னால், 180 கிராமும் உங்கள் கணக்கென்றாலும் மூன்று வருடம்தான். குடும்பம் பட்டினி கிடக்காத வேகம் அது. ஒரே மூச்சில் அடைக்க மகளிர் குழுவில் கடன் வாங்கினால், உங்கள் பாவத்தை வீட்டுக்காரி வாரத் தவணையாகக் கட்டுவார்.

கூட வேலை செய்தவர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒன்பதாவது படியிலேயே விதிவிலக்கு இருக்கிறது: ஈடு செய்வதால் அவருக்கோ பிறருக்கோ தீங்கு வருமானால் செய்யக் கூடாது. முதலாளியிடம் நீங்கள் உண்மை பேசும் வேகத்தில் அவர் பெயரும் வந்தால் நாளைக்கே அவருக்கு வேலை இல்லை. பட்டறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள். உங்கள் மனப்பாரம் இறங்க அவர் பிள்ளைகளின் சோற்றில் கை வைத்ததாகும். அதனால் 180 கிராமில் நீங்கள் எடுத்ததை மட்டும் சொல்லுங்கள். ‘வேறு யார்?’ என்று முதலாளி கேட்டால், “என் கணக்குக்குத்தாங்க வந்தேன்” என்பதோடு நிறுத்துங்கள். முன்கூட்டியே கூட வேலை செய்தவரைத் தனியாகப் பார்த்து, நீங்கள் போகப் போவதையும் அவர் பெயரை எடுக்கப் போவதில்லை என்பதையும் தெரிவித்துவிடுங்கள். நீயும் வா என்று இழுக்காதீர்கள், அவர் எப்போது வருவார் என்பது அவர் பாடு. அவர் இன்னும் குடிப்பவராக இருந்தால் இந்தப் பேச்சு காலையில், டீக்கடையில், பத்து நிமிடத்துக்குள்.

எங்கே போனாலும் பேச்சு மூன்று வரிதான்: என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன போயிற்று, எப்படித் திருப்பப் போகிறேன். ‘போதையில் செய்துட்டேன்’ வேண்டாம். காலில் விழ வேண்டாம். விழுந்தால் எதிரே நிற்பவர் பதறி ‘விடுப்பா’ என்று சொல்லியே தீர வேண்டியதாகிவிடும், கோபம் உள்ளேயே தங்கிவிடும். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். போகும் முன்னும் வந்த பின்னும் ஸ்பான்சருக்குப் போன் செய்யுங்கள். மளிகைக் கடையில் தொடங்குங்கள், தொகை சின்னது, பேச்சும் பழகும்.

அண்ணனிடம் பேசும்போது அண்ணியும் இருக்கட்டும், மிளகுக் காசு போனதில் குடும்பம் நடத்தத் திண்டாடியவர் அவர். பணம் இல்லாவிட்டால் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் சில ஞாயிறு மலையேறிக் கை கொடுங்கள். மலையில் பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் நேரம் அது.

வீட்டுக்காரி நகையைக் கடிதத்தில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் அது முதல் வரி. ‘இனிமே குடிக்க மாட்டேன்’ என்று அவர் நிறையக் கேட்டுவிட்டார், அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். அடகுச் சீட்டுகள் அத்தனையையும் இன்று இரவே எடுத்து அவர் கையில் கொடுங்கள். எந்தச் சீட்டுக்கு என்றைக்கு வட்டி, எது ஏலத்துக்குப் போகும் நிலையில் இருக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். தரகருக்கு வைத்திருந்த 15,000 ரூபாயை ஏலத்துக்கு முந்தி நிற்கும் சீட்டுக்குக் கட்டுங்கள், வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு போய்.