மலைப் பாதையில் சைக்கிள் ஓட்ட, குறைந்த செலவில் எந்த பேன்ட் வாங்கலாம்?

மவுண்டன் பைக்கிங்குக்கென்றே வரும் பேன்ட்கள் விலை அதிகம், மாற்று உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மலையேற்றத்துக்கான நைலான் பேன்ட்டே பெரும்பாலானவர்களுக்குப் போதும். துணியில் கொஞ்சம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்திருந்தால் காலோடு சேர்ந்து இழுபடும்.

முதலில் கணுக்கால் பகுதியைப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் செயினில் சிக்கி ஆளையே தள்ளிவிடும். மற்றதெல்லாம் பிடித்து, அது மட்டும்தான் குறையா? பாதம் நுழையும் அளவு விட்டு, தையல்காரரிடம் கொடுத்துக் குறுக்கிக்கொள்ளலாம். அப்புறம் முழங்கால். முழங்கால் காப்பு (knee pad) அணிபவர் என்றால் அதைக் கையோடு கொண்டுபோய், அதன் மேலேயே பேன்ட்டைப் போட்டுப் பாருங்கள். கடையிலேயே ஒருமுறை குந்தி உட்காருங்கள், காலை இடுப்பளவு தூக்குங்கள். முழங்கால் இறுக்கினாலோ பின்னிடுப்பு கீழே இறங்கினாலோ அது வேண்டாம்.

ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனக்கும், சீக்கிரம் காயாது. கவட்டில் தையல்கள் கூடும் தடித்த இடம் சீட்டில் அழுந்தித் தோலை உரசிப் புண்ணாக்கிவிடும்.

மிச்சமாகும் பணத்தில், உள்ளே அணியும், உட்காருமிடத்தில் மெத்தை வைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள். ஆனால் பாறை நிறைந்த செங்குத்தான இறக்கங்களில் அடிக்கடி ஓட்டுபவர் என்றால், மெல்லிய நைலான் ஒரே விழுகையில் கிழியலாம். அங்கே தடித்த துணிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது சரிதான்.