கோட்டோவியப் பிரதிகளை வீட்டில் மாட்டுவோர் கவனத்துக்கு

கிருஷ்ணகிரியில் புது வீடு கட்டிக் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர், மைக்கலாஞ்சலோ, லியொனார்டோ டா வின்சி, ட்யூரர் ஆகிய பழைய ஐரோப்பிய ஓவியர்களின் மனித உருவக் கோட்டோவியங்களைப் பிரதியெடுத்துக் கூடத்தில் மாட்ட விரும்புகிறார். மூன்றடி உயரத்துக்குப் பெரிதாக்கித் தருவதாக ஃபிளெக்ஸ் கடையில் சொல்கிறார்கள். அது சரியா, சட்டம் எப்படிப் போடுவது, ஆடையற்ற உருவங்களை விருந்தினர் அமரும் இடத்தில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பெரிதாக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இவை கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்க வரையப்பட்டவை. வாடிகனிலுள்ள சிஸ்டைன் தேவாலயக் கூரையில் தீட்டவிருந்த லிபிய சிபில் என்னும் பெண் தீர்க்கதரிசிக்காக மைக்கலாஞ்சலோ 1510-11 வாக்கில் செங்காவிக் கட்டியால் வரைந்த பயிற்சித் தாள், 28.9 செ.மீ. உயரமும் 21.4 செ.மீ. அகலமும் கொண்டதுதான். ஆண் ஒருவரை மாதிரியாக நிறுத்தி, திரும்பிய முதுகின் தசைகளைத் தேய்த்தும் அழுத்தியும் வரைந்தவர், உடலின் பாரத்தைத் தாங்கும் கால்விரல்களை அதே தாளின் கீழ்ப்பகுதியில் மறுபடியும் தனியே வரைந்து பார்த்திருக்கிறார். மூன்றடிக்கு இழுத்தால் அந்த மெல்லிய கோடுகள் தடித்து, அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் தெரியாமல் போய்விடும். மூல அளவிலேயே, சுற்றிலும் ஓரம் விட்டு, ஏ3 தாளில் அச்சிடுங்கள். இந்தத் தாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை அந்நிறுவனம் 2017 முதல் இலவசமாகத் தருகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், படத்தின் நீளவாக்கில் சுமார் 3,400 பிக்சல் இருந்தால் போதும்.

அச்சிடுபவரிடம் மூலத் தாளின் நிறத்தை வெளுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்யூரர் 1508-இல் வரைந்த கூப்பிய கைகளுக்கு நீலத் தாளே உயிர். விரல்களின் மேல் அவர் தூரிகையால் வைத்த வெள்ளைக் கோடுகள் அந்த நீலத்தின் மீதுதான் ஒளியாகத் தெரிகின்றன. பளபளப்பில்லாத பருத்தித் தாளில் நிறமித் துகள்கள் கொண்ட பிக்மெண்ட் மையால் அச்சிட்டால் நிறம் நெடுநாள் நிற்கும். உள்ளூரில் அந்த வசதி இல்லையென்றால் பெங்களூரில் கிடைக்கும்.

சட்டம் போடும்போதுதான் பெரும்பாலான பிரதிகள் கெடுகின்றன. சாமி படத்துக்குச் செய்வதுபோல் தாளைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடித்துவிட்டால், மழைக்கால ஈரத்தில் அச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கிழியாமல் பிரிக்க முடியாது. மவுண்ட் போர்டு எனப்படும் தடித்த, அமிலமற்ற அட்டையில் படம் தெரியும்படி சன்னல் வெட்டி, சுற்றிலும் ஆறேழு செ.மீ. விட்டு, அடியில் மட்டும் சற்றுக் கூடுதலாக விடச் சொல்லுங்கள். அந்த அட்டையின் தடிமனே தாளைக் கண்ணாடியிலிருந்து விலக்கி நிறுத்தும். ஹார்ட்போர்டுக்கும் தாளுக்கும் நடுவே இன்னொரு அமிலமற்ற அட்டை தேவை. தாளை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு காகிதப் பட்டைகளால் பிடித்துத் தொங்க விடுவது முக்கியம், ஏனெனில் ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும் தாளை நான்கு பக்கமும் ஒட்டினால் அது அலை அலையாகிவிடும். செல்லோ டேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது.

புது வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூச்சு முழுமையாகக் காயாத சுவர் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலம் கழியும்வரை மாட்டாமல் இருப்பது நல்லது. மாட்டும்போது சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் வில்லைகளை ஒட்டினால் பின்னால் காற்றோட்டம் கிடைக்கும். மாலை வெயில் நேரே விழும் சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆடையற்ற உருவங்கள் குறித்த உங்கள் தயக்கம் நியாயமானது. வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்படும் படத்தைக் கூடத்தில் மாட்டியே தீர வேண்டியதில்லை. லிபிய சிபில் தாளில் தெரிவது முதுகுதான் என்பதால் அதையும் கூப்பிய கைகளையும் கூடத்தில் அருகருகே வைக்கலாம். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் உள்ளே முன்புறம் தெரிய நிற்கும் லியொனார்டோவின் விட்ருவிய மனிதனைப் படிக்கும் அறையில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு மாட்டுங்கள். உருவத்துக்கு மேலும் கீழும் அவர் எழுதியிருக்கும் சிறிய எழுத்துகளையும் அப்போது நெருங்கிப் பார்க்கலாம்.